பெயரும் சுட்டும்: உள்வலையில் கணிப்பொறிப் பெயர்கள் முகவரி காணும் முறை

முன்னுரை

பொருளை அறியவும் அறிவிக்கவும் மக்கள் படைத்துக்கொண்ட முதற்கருவி பெயர். பெயர்களை இடுகுறி, காரணம் என்றும், பொது, சிறப்பு என்றும் நன்னூலார் பகுத்துக் காட்டுவர். அ, இ, உ என்னும் சுட்டுகளைத் தனியே எடுத்துரைப்பர். இப்பகுப்பின் பயன் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதன்று. கணிப்பொறிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கும் இந்நாளில், எது பெயர், எது சுட்டு என்று பிரித்தறியாமையால் பெரிய நிறுவனங்களும் இடருற்றுள்ளன.

கல்லூரி, மருத்துவமனை, வணிக மனை, இல்லம் ஆகியவற்றுள் அமைந்த கணிப்பொறி வலையை உள்வலை எனலாம். அவ்வுள்வலையில் ஒரு கணிப்பொறியின் பெயரைச் சொன்னவுடன் அதன் முகவரி எவ்வாறு கிடைக்கிறது என்பதையும், அவ்விடையை எந்த அளவு நம்பலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எண்ணும் பெயரும்

கணிப்பொறிகள் தம்முள் எண்களாலேயே முகவரி குறித்துக்கொள்கின்றன. 192.168.1.20 என்பது போல நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவது பரவலான வழக்கு. மனிதர்க்கோ எண் நினைவில் நிற்பதில்லை, பெயரே நிற்கும். ஆகவே பெயரை எண்ணாக்கித் தரும் ஓர் ஏற்பாடு தொடக்கந்தொட்டே வேண்டப்பட்டது.

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் வலையில் இவ்வேற்பாடு மிக எளிமையாக இருந்தது. கலிஃபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் அம்மையார் தலைமையில் இயங்கிய வலைத் தகவல் மையம், எல்லாக் கணிப்பொறிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே பட்டியலாக எழுதிப் பேணி வந்தது. புதிய கணிப்பொறி சேர்ந்தால் அம்மையத்துக்குத் தெரிவிப்பர். ஏனையோர் புதிய பட்டியலைப் படியெடுத்துக்கொள்வர். வலை பெருகப் பெருகப் பட்டியல் நீண்டது. படியெடுக்கும் சுமையும் கூடியது. ஒருவர் பட்டியலில் உள்ள பெயர் மற்றவர் பட்டியலில் இல்லாத நிலையும் தோன்றியது.

இதற்குத் தீர்வாகப் பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அறிஞர் 1983ஆம் ஆண்டில் டி.என்.எஸ். எனப்படும் பெயர் முறைமையை வகுத்தளித்தார். 1987ஆம் ஆண்டில் அது திருத்தம் பெற்று இன்றும் வழக்கில் உள்ளது. ஒரே பட்டியலை ஓரிடத்தில் வைப்பதற்கு மாறாக, பெயரைப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவதே அதன் சாரம். பெயரின் வலக்கோடியில் உள்ள பகுதியிலிருந்து இடப்புறமாக ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே சென்றால் இறுதியில் விடை கிட்டும். நாடு, மாவட்டம், ஊர், தெரு, வீடு எனக் கடிதத்தைப் பிரித்துச் சேர்ப்பிக்கும் அஞ்சல் முறையோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

தனி முகவரி என்னும் சுட்டு

இணைய முகவரியின் நான்காம் பதிப்பில் அமையக்கூடிய எண்கள் மொத்தம் சுமார் 429 கோடியே. உலகெங்கும் கணிப்பொறிகள் பெருகியபோது இவை போதா என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெளிவாயிற்று. எனவே சில எண் வரிசைகளை, யார் வேண்டுமானாலும் தத்தம் உள்வலைக்குள் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என ஒதுக்கிவைத்தனர். 1996 பிப்ரவரியில் வெளிவந்த 1918ஆம் எண் இணைய ஆவணம் அவ்வரிசைகளை வரையறுக்கிறது. அவை மூன்று:

10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, 1,67,77,216 முகவரிகள்.
172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 10,48,576 முகவரிகள்.
192.168.0.0 முதல் 192.168.255.255 வரை, 65,536 முகவரிகள்.

இவற்றைத் தனி முகவரிகள் என்பர். உள்வலையிலிருந்து வெளியே செல்லும் செய்திகளுக்கு, வாயிலில் நிற்கும் ரூட்டர் தன் பொது முகவரியை இட்டு அனுப்பும். விடை வந்ததும் உரியவரிடம் சேர்ப்பிக்கும். பொது முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோன பின்னரும் நான்காம் பதிப்பு இயங்கி வருவதற்கு இவ்வேற்பாடு ஒரு முதன்மைக் காரணமாகும்.

தனி முகவரியின் இயல்பை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். பொது முகவரி உலகில் ஓரிடத்தையே குறிக்கும். அது சிறப்புப்பெயரை ஒத்தது. தனி முகவரியோ கோடிக்கணக்கான உள்வலைகளில் ஒரே வேளையில் வழங்குகிறது. ‘வாப்பா’ என்று ஒரு வீட்டுக்குள் அழைத்தால் ஒருவரே திரும்பிப் பார்ப்பார். அவ்வீட்டில் அச்சொல்லில் ஐயத்துக்கு இடமில்லை. அதே சொல்லைக் கடைவீதியில் நின்று உரக்கச் சொன்னால் எத்தனை பேர் திரும்புவர்! சொல் பொருளற்றதாகிவிடவில்லை, பொருளை வரையறுத்த வீட்டுச் சுவர் இல்லாமற் போயிற்று. ஒவ்வோர் ஊரிலும் உள்ள ‘மேலத்தெரு’வும் இத்தகையதே. ஊர்ப் பெயர் இன்றி ‘மேலத்தெரு, 20ஆம் எண்’ என்று மட்டும் எழுதிய உறை, அஞ்சலிட்ட ஊரிலேயே உள்ள வேறொரு வீட்டுக்குச் சென்று சேரவும் கூடும்.

ஆகவே 192.168.1.20 என்பது எண் வடிவில் நின்றாலும் தன்மையால் ஒரு சுட்டே. ‘இவ்வீடு’ என்பதில் உள்ள இகரம் சொல்வோன் நிற்கும் இடத்தைச் சார்ந்து பொருள் தருவது போல, தனி முகவரியும் கேட்போன் நிற்கும் வலையைச் சார்ந்தே பொருள் தரும். இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

உள்வலையில் பெயர் காணும் வழிகள்

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அதன் நூலகப் பட்டியல் ஒரு வழங்கிக் கணிப்பொறியில், அதாவது சர்வரில், 192.168.1.20 என்னும் முகவரியில் உள்ளது. மாணவர் ‘நூலகம்’ என்னும் பெயரைத் தட்டினால் அம்முகவரி கிடைக்க வேண்டும். இதற்கு முன்தேவை ஒன்று உண்டு. ரூட்டர் கணிப்பொறிகளுக்கு முகவரிகளைத் தானே பகிர்ந்தளிக்கும்போது, இன்று 20 பெற்ற கணிப்பொறி நாளை 35 பெறக்கூடும். ஆகவே பலரும் நாடும் வழங்கிக்கு நிலையான முகவரியை முதலில் ஒதுக்கிவிடல் வேண்டும். அதன் பின்னர்ப் பெயர் காண நான்கு வழிகள் உள.

முதலாவது, ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் கோப்பு. பண்டைய ஆர்ப்பாநெட் பட்டியலின் எச்சமே இது. முகவரியையும் பெயரையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும். இரண்டு மூன்று கணிப்பொறிகளுக்கு இது ஏற்றது. இருநூறு கணிப்பொறிகளுக்கு ஆகாது. வழங்கியின் முகவரி மாறினால் இருநூறு இடங்களில் திருத்த வேண்டும். 1983க்கு முன்னர் உலகம் பட்ட பாட்டை அக்கல்லூரி மீண்டும் படும்.

இரண்டாவது, உள்வலைக்கென ஒரு பெயர் வழங்கியை நிறுவுவது. எல்லாக் கணிப்பொறிகளும் அதனிடமே வினவும். உள்வலைப் பெயராயின் அது தானே விடை தரும். பிறவாயின் வெளியே கேட்டுச் சொல்லும். ஒரே பெயருக்கு உள்ளிருந்து கேட்போர்க்குத் தனி முகவரியும், வெளியிலிருந்து கேட்போர்க்குப் பொது முகவரியும் தருமாறும் இதனை அமைக்கலாம். ஒரே வினாவுக்கு இரு விடை பொய்யாகாதோ என ஐயுறுவார்க்கு, சுட்டின் இலக்கணமே மறுமொழி. ‘நூலகம் எங்கே?’ என்று கேட்பவரிடம், அவர் வளாகத்துக்குள் நின்றால் ‘இதோ, இரண்டாம் மாடி’ என்கிறோம். வேற்றூரிலிருந்து கேட்டால் ஊரும் சாலையும் சொல்கிறோம். இரண்டும் மெய்யே.

மூன்றாவது, பெயர் வழங்கியே இல்லாமல் கணிப்பொறிகள் தமக்குள் கேட்டறிவது. ‘இப்பெயருக்கு உரியவர் யார்?’ என்று ஒரு கணிப்பொறி 224.0.0.251 என்னும் பொது அழைப்பு முகவரிக்குக் குரல் கொடுக்கும். உரியது ‘நானே’ என விடையிறுக்கும். 2013இல் வரையறுக்கப்பட்ட இம்முறையில் பெயர்கள் ‘.லோக்கல்’ என முடியும். இல்லங்களில் அச்சுப்பொறி தானே தென்படுவது பெரும்பாலும் இதனாலேதான். ஆயினும் இக்குரல் ஒரே கூடத்துக்குள் எழுப்பும் குரலை ஒத்தது. ரூட்டரைத் தாண்டி அடுத்த வலைப்பிரிவுக்கு அது கேளாது.

நான்காவது, வெளியுலகப் பெயர்ப் பதிவிலேயே தனி முகவரியை எழுதிவிடுவது. இது எளிதாகத் தோன்றும், குறையும் உண்டு. உலகில் யார் கேட்டாலும் 192.168.1.20 என்றே விடை வரும். வெளியூரில் இருப்பவர் அவ்விடையைப் பின்பற்றினால், தம் வீட்டு வலையில் அவ்வெண்ணுக்குரிய வேறொரு கருவியிடம் போய் நிற்பார். உள்வலையின் அமைப்பும் அயலார்க்கு ஓரளவு தெரிந்துவிடும்.

வேலி தாண்டிய பெயர்கள்

தனி முகவரிகளை ஒதுக்கியவர்கள் அவற்றுக்கு இணையான தனிப் பெயர் வெளியைத் தொடக்கத்திலேயே தெளிவாக ஒதுக்கவில்லை. எனவே ஒவ்வொருவரும் மனம்போனவாறு பெயரிட்டனர். ‘.கார்ப்’, ‘.ஹோம்’ முதலிய ஈறுகள் உள்வலைகளில் பெருவழக்காயின. உள்வலைக்குள் இருக்கும்வரை இடரில்லை. ஆனால் மடிக்கணிப்பொறி வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் எடுத்துச் செல்லப்படுகிறது. அங்கும் அது பழைய பெயரையே கேட்கும். இம்முறை கேட்பது வெளியுலகத்திடம்!

இதன் விளைவுக்குச் சான்றாக நிற்பது ‘கார்ப்.காம்’ என்னும் பெயர். நிறுவனங்கள் பல தம் உள்வலைக்குக் ‘கார்ப்’ எனப் பெயரிட்டிருந்தன. குறும்பெயரைத் தட்டினால் மீதிப் பகுதியைக் கணிப்பொறி தானே ஒட்டிக்கொண்டு தேடும் வழக்கத்தால், வெளியே சென்ற கணிப்பொறிகளின் அழைப்புகள் கார்ப்.காம் பெயருக்கு உரியவரைத் தேடிச் சென்றன. அவ்வழைப்புகளோடு நிறுவனத்தின் மறைச் செய்திகளும் கடவுச் சான்றுகளும் செல்ல வாய்ப்பிருந்தது. தீயோர் கையில் அது சிக்காதிருக்க, 2020ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டது. இதே அச்சத்தால், இணையப் பெயர்களை நெறிப்படுத்தும் ஐகேன் அமைப்பு ‘.கார்ப்’, ‘.ஹோம்’, ‘.மெயில்’ ஆகிய ஈறுகளை யாருக்கும் வழங்குவதில்லை என 2018இல் முடிவு செய்தது.

‘.டெவ்’ என்னும் ஈற்றின் கதையும் அறியத்தக்கது. நிரலாளர் பலர் தம் கணிப்பொறிக்குள் சோதனைக்காக அவ்வீற்றை வழங்கி வந்தனர். பின்னர் அது கூகுள் நிறுவனத்துக்கு உரிய உண்மைப் பெயராயிற்று. 2017 டிசம்பரில் வந்த குரோம் உலவி, அவ்வீற்றுப் பெயர்கள் அனைத்தும் மறையாக்கம் பெற்ற இணைப்பிலேயே திறக்கும் என விதிக்கவே, அவர்களது சோதனைத் தளங்கள் ஒரே நாளில் திறக்க மறுத்தன. பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டியவர் நிலையே அவர்கள் நிலை.

வஞ்சக விடை

உள்வலைப் பெயர் வெளியே செல்வது ஒருவகை இடர்; வெளிப் பெயர் உள்ளே நுழைவது அதனினும் கொடிது. இதனை மறுபிணைப்புத் தாக்குதல் என்பர்.

ஒருவர் தீயதொரு இணையத்தளத்தைத் திறக்கிறார். அதன் பெயருக்கு முதலில் அத்தளத்தின் உண்மையான பொது முகவரி விடையாக வருகிறது. அவ்விடையின் ஆயுளோ சில நொடிகளே. பக்கத்தோடு ஒரு சிறு நிரலும் உலவிக்குள் வந்து அமர்கிறது. சிறிது கழித்து அந்நிரல் அதே பெயரை மீண்டும் அழைக்கிறது. இம்முறை அத்தளத்தாரின் பெயர் வழங்கி 192.168.1.1 என விடை தருகிறது. பெயர் மாறாமையால் உலவி ஐயுறுவதில்லை. ஆனால் நிரல் இப்போது பேசுவது வெளித் தளத்தோடன்று. அவர் வீட்டு ரூட்டரோடு. சுட்டின் இயல்பே இங்கு வஞ்சகர்க்குக் கருவியாகிறது. வெளியில் இருப்பவன் ‘இவ்வீடு’ என்று சொல்ல, உள்ளிருக்கும் உலவி அச்சொல்லைத் தன் வீடாகப் பொருள்கொள்கிறது.

1996ஆம் ஆண்டிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜாவா நிரல்களைக் கொண்டு இவ்வகைத் தாக்குதல் இயலும் எனக் காட்டினர். 2007இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இதற்குரிய காப்புகள் சில உள. வெளியிலிருந்து வரும் விடையில் தனி முகவரி இருந்தால் அதனைத் தள்ளிவிடுமாறு உள்வலைப் பெயர் வழங்கியை அமைக்கலாம். டிஎன்எஸ்மாஸ்க், அன்பவுண்ட் ஆகிய மென்பொருள்களில் இதற்கு வழியுண்டு. உள்வலைக் கருவிகள் தம்மை எப்பெயரால் அழைத்தனர் என்பதைச் சரிபார்த்து, அறியாப் பெயராயின் மறுக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘உள்வலைக்குள் இருக்கிறது, ஆகவே கடவுச்சொல் வேண்டா’ என்னும் எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

மேலே கண்ட நான்காம் வழியின் மற்றொரு குறையும் இங்கு விளங்கும். வெளிப் பதிவில் தனி முகவரியை நல்லெண்ணத்தோடு எழுதினாலும், காப்புடைய பெயர் வழங்கி அதனை வஞ்சக விடையாகவே கருதித் தள்ளிவிடும். ஓரிடத்தில் திறக்கும் பெயர் மற்றோரிடத்தில் திறவாமைக்கு இது ஒரு காரணம்.

பெயரிடும் நெறி

உள்வலைக்குப் பெயரிடுவார் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பதிவு செய்த பெயர் இருந்தால், அதன் கிளையாக உள்வலைப் பெயர்களை அமைப்பது முதல் நெறி. பிறர் அதற்கு உரிமை கோர இயலாது. அவ்வாறு இல்லையேல், இல்லங்களுக்கென 2018இல் ஒதுக்கப்பட்ட ‘ஹோம்.ஆர்ப்பா’ என்னும் ஈற்றையோ, ஐகேன் 2024 ஜூலையில் உள்வலைப் பயனுக்கென நிலையாக ஒதுக்கிய ‘.இன்டர்னல்’ என்னும் ஈற்றையோ கொள்வது இரண்டாம் நெறி. சோதனைக்கு மட்டுமெனில் 1999 முதல் ஒதுக்கப்பட்டுள்ள ‘.டெஸ்ட்’ ஈற்றைக் கொள்வது மூன்றாம் நெறி.

இவற்றுள் முதல் நெறிக்கு ஒரு சிறப்பு உண்டு. உலவிகள் நம்பும் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் உள்வலைக்கே உரிய பெயர்களுக்கும் தனி முகவரிகளுக்கும் சான்றிதழ் தருவதில்லை. முன்னர்த் தந்தவற்றையும் 2016 அக்டோபருக்குள் விலக்கிக்கொள்ள வேண்டும் என விதி செய்யப்பட்டது. பலருக்கும் பொதுவான ஒன்றை ஒருவர்க்கே உரியதெனச் சான்றளிக்க இயலாது அன்றோ! பதிவு பெற்ற பெயரின் கிளைக்கோ சான்றிதழ் பெறலாம். அது குறிக்கும் முகவரி தனி முகவரியாக இருப்பினும் தடையில்லை.

சோதித்தறிதல்

உள்வலைப் பெயர் திறவாதபோது ‘வலை பழுது’ என்று பொதுப்படச் சொல்லி விடாமல், படிப்படியாகக் காண்பதே கற்றோர்க்கு அழகு. முதலில் முகவரியையே நேரே தட்டிப் பார்க்க வேண்டும். அது திறந்தால் வலை செம்மையாக உள்ளது. குறை பெயரில் உள்ளது. அடுத்து ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையால் பெயர் வழங்கியை வினவலாம். இக்கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாராது, பெயர் வழங்கியை மட்டுமே கேட்கும். ‘பிங்’ கட்டளையோ கோப்பையும் பார்க்கும். இரண்டும் வேறுவேறு விடை தந்தால் கோப்பில் பழைய வரி ஒன்று எஞ்சியிருக்கக்கூடும். இரண்டும் சரியாயிருந்தும் உலவி மட்டும் திறவாவிடில், அவ்வுலவி உள்வலைப் பெயர் வழங்கியை விடுத்து மறையாக்கிய வழியில் வெளியிலுள்ள ஒன்றை வினவுகிறதா என நோக்க வேண்டும். வெளியிலுள்ளது நம் வீட்டுப் பெயரை அறிய வழியில்லை. முன்னர்ப் பெற்ற விடையைக் கணிப்பொறி அதன் ஆயுள் முடியும்வரை நினைவில் வைத்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

உள்வலை முகவரி ஒரு சுட்டு. அதனைக் குறிக்கும் பெயர் அச்சுட்டு பொருள்படும் எல்லைக்குள்ளேயே விடை பெற வேண்டும். எல்லைக்குள் விடை சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குதல், பிறர் உரிமை கோராத பெயரை இடுதல், எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ‘இவ்வீடு’ என்னும் சொல்லை ஏற்காமை ஆகிய மூன்றும் இதனால் பெறப்படும் நெறிகளாம்.

மாணவர் மதிப்பெண், நோயாளர் குறிப்பு, ஊழியர் ஊதியம் முதலிய பலவும் இன்று உள்வலை வழங்கிகளில் உள்ளன. அவற்றைக் காக்கும் பொறுப்பு கணிப்பொறித் துறைக்கு மட்டும் உரியதன்று. பெயரைக் கேட்டவுடன் ‘சொல்பவர் யார், அவர் எங்கிருந்து சொல்கிறார்’ என்று வினவும் பழக்கம் சொல்லாராய்ச்சி பயின்றோர்க்கு இயல்பாக வாய்த்தது. அப்பழக்கத்தைத் தமிழ் மாணவர் கணிப்பொறிக் கூடத்துக்கும் எடுத்துச் செல்வாராயின், கற்ற இலக்கணம் அங்கும் காவலாய் நின்று பயன் தரும்.